நூற்று எண்பத்தேழாவது படிவம்

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுவேன். வாயைத் திறக்காமல் சுவர் ஓரமாகவே போய்வருகிறேன் என்றுதானே வீட்டில் எனக்குப் பூனை என்று பேர் வைத்தார்கள். காகிதத்தில் எழுதினால் கடைசி வரை சொல்லிவிடுவேன் என்று ஒரு நம்பிக்கை.

எலக்ட்ரீஷியன் வெள்ளிக்கிழமை இறந்துவிட்டார்.

உங்கள் ஆராய்ச்சிக்காக எங்கள் ஆண்கள் வார்டில் நான் நிரப்பி வாங்கி அனுப்பும் குடிப்பழக்கக் கேள்வித்தாள்களில் கடைசியாக வந்தது அவருடையது. எண் நூற்று எண்பத்தேழு. ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். வலது மணிக்கட்டிலும் கட்டு. எழுத முடியாது என்பதால் நான் கேள்விகளைப் படித்து, அவர் சொல்லச் சொல்ல டிக் அடித்தேன். "இதை டாக்டர் பார்க்க மாட்டாங்க, உங்க வீட்டுலயும் யாரும் பார்க்க மாட்டாங்க" என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். "அப்ப உண்மையைச் சொல்லலாமா சிஸ்டர்?" என்று சிரித்தார்.

பத்தொன்பது வருடமாக ஒரு நாள் விடாமல் குடி. காலையில் ஒரு வாய் ஊற்றினால்தான் கையில் ஸ்குரு டிரைவர் ஆடாமல் நிற்குமாம். கூட்டிப் பார்த்தேன், நாற்பதுக்கு முப்பத்தாறு. ஆனால் அவருடைய கேஸ் ஷீட்டில், சேர்க்கும்போது அவர் மனைவி சொன்னதை வைத்து, குடிப்பழக்கம் இல்லை என்று எழுதியிருந்தது.

இப்படிப்பட்டவருக்குத் திடீரென்று குடி நின்றால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்கூட்டியே மருந்து கொடுத்தால் தடுக்கலாம் என்பதும் தெரியும். நர்ஸிங் கல்லூரியில் எனக்கு அந்தப் பாடம் எடுத்ததே நீங்கள்தான். அதனால்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உங்களுக்குப் போன் செய்து, டாக்டரிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். நீங்கள் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "அந்தப் படிவம் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம் இல்ல, எனக்குச் சொந்தம். ஒருத்தரோடதைச் சொன்னா அப்புறம் எவனும் உண்மை பேச மாட்டான். உறையில போட்டு ஒட்டு." போட்டு ஒட்டினேன்.

புதன்கிழமை மதியம், பார்வையாளர் நேரத்தில், அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பிறகு காற்றில் இல்லாத ஒயரைப் பிடித்து முறுக்க ஆரம்பித்தார். ஒரு ஒயரை முறுக்கி முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார், அண்ணி. அத்தனை நேர்த்தியாக. டியூட்டி டாக்டர் சின்னப் பையன், காய்ச்சல் ஏறியதால் பிதற்றுகிறாரோ என்று நினைத்தான். ஆனாலும் மனைவியிடம் நேராகவே கேட்டான், "குடிப்பாரா?" என்று. பக்கத்துக் கட்டில்காரர்களும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அதெல்லாம் கிடையாது சார்" என்றார்.

நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தெர்மாமீட்டரோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். நான் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே இருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, முறிந்த காலில் கட்டித் தொங்கவிட்டிருந்த எடையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஏணியில் ஏற வேண்டும் என்று இறங்கினார். அடுத்த கட்டிலின் இரும்புக் காலில் தலை மோதியது. அப்போது நான் வார்டின் மறுகோடியில் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் மட்டும் கேட்டது.

நீங்கள் அன்று சொன்னது சரிதானா அண்ணி? சரி என்றால் சரி என்று எழுதுங்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூனை


மார்ச் 14

பூனைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆனால் நீயே குற்றவாளிக் கூண்டு கட்டி நீயே அதில் ஏறி நிற்காதே.

அந்த மனிதரின் மனைவி இரண்டு முறை இல்லை என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் அதை நம்பியிருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத் தடுப்பு போட்டிருந்தார்களா என்பது வார்டின் பொறுப்பு. இத்தனை கைகள் பட்ட விஷயத்தில் உன் கை ஒன்றை மட்டும் தேடிப் பிடித்து அழுவது நியாயம் இல்லை. ஆராய்ச்சியில் ரகசியம் என்று வாக்குக் கொடுத்தால் அது ரகசியம்தான். அந்த வாக்கு இல்லாவிட்டால் அவர் உன்னிடமும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். அப்போது உனக்கு எதுவும் தெரிந்திருக்காது. தெரியாதவள் போலவே இருந்துவிடு.

முக்கியமாக, அந்த அம்மாவிடம் எதையும் போய்ப் பேசாதே. பேசினால் உன் வேலைக்கு ஆபத்து. இருநூறு படிவம் சேர இன்னும் பதின்மூன்றுதான் பாக்கி. மே மாதம் நான் பட்டத்துக்காகத் தேர்வாளர்கள் முன்னால் உட்கார வேண்டும். ஆறு வருட உழைப்பு இது. உனக்கே தெரியும்.

உன் மனதை மாற்ற ஒன்று சொல்கிறேன். என் ஆராய்ச்சியின் இரண்டாம் பாதி, நர்ஸ்கள் தங்கள் கருத்தைத் தயங்காமல் எடுத்துச் சொல்கிறார்களா என்பது. உங்கள் வார்டின் ஒன்பது தாள்களும் வந்து சேர்ந்தன. பேர் இல்லாவிட்டால் என்ன, பச்சை மையும் வால் நீண்ட டிக்கும் உன்னுடையவைதானே. "டாக்டருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தால் உடனே சொல்வேன்" என்பதற்கு "எப்போதும்" என்று போட்டிருக்கிறாய். உன்னை யார் பூனை என்றது?

உன் அண்ணன் நலம். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

கேலி செய்ய நல்ல நேரம் பார்த்தீர்கள்.

அந்தத் தாளை எப்படி நிரப்பினோம் என்று சொல்கிறேன். ஹெட் நர்ஸ் எங்கள் ஒன்பது பேரையும் மருந்து அறையில் வரிசையாக உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். "எல்லாத்துக்கும் எப்போதும்னு போடுங்கம்மா, நம்ம வார்டுக்கு நல்ல பேரு வரட்டும்" என்றார். சரி சிஸ்டர் என்று ஒன்பது பேரும் போட்டோம். எதிர்த்துப் பேசத் தெரியுமா என்று கேட்ட தாளையே எதிர்த்துப் பேசத் தெரியாமல்தான் நிரப்பினோம். அதை நீங்கள் மதிப்பெண் போட்டுக் கூட்டி வைத்திருக்கிறீர்கள். வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

இங்கே நடப்பதைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் விசாரணை முடிந்துவிட்டது. அரைப்பக்க அறிக்கை, அவர் விழுந்த பிறகு அந்த அம்மா ஒத்துக்கொண்டதை வைத்து எழுதியது. "நோயாளியின் குடிப்பழக்கத்தைக் குடும்பத்தினர் மறைத்ததால்" என்று தொடங்குகிறது. படித்துவிட்டு எல்லாருமே மூச்சு விட்டார்கள். டியூட்டி டாக்டர் மூன்று வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறான் போல, முகம் தெளிந்திருக்கிறது என்று எழுத நினைத்தேன், மூன்று வாரம் கூட ஆகவில்லை. பதின்மூன்று நாள். எனக்குத்தான் மூன்று வாரம் போல இருக்கிறது.

அந்த அம்மா இறப்புச் சான்றிதழுக்காக வந்தார். சான்றிதழை வாங்கிய பிறகும் போகவில்லை. வார்டு வாசலில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாளும். எங்களில் யார் வெளியே வந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பேச்சுதான். "நான் கொன்னுட்டேன் சிஸ்டர். டாக்டர் கேட்டாரு, நான் இல்லன்னுட்டேன். நாலு பேரு பாக்கறாங்களேன்னு இல்லன்னுட்டேன்."

அழக்கூட இல்லை. கணக்கு ஒப்பிக்கிற குழந்தை போலச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவருடைய மைத்துனர் அறிக்கையைப் படித்துவிட்டு, இனிமேல் வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டாராம்.

நேற்று என் கையைப் பிடித்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார், அண்ணி. எனக்கு நன்றி சொன்னார்.

உங்களுக்கு இன்னும் பதின்மூன்று படிவம் பாக்கி. எனக்கு இந்த ஒன்றே போதும். இனிமேல் என்னால் ஒரு தாள்கூட நிரப்பித் தர முடியாது. நான் அவரிடம் சொல்லத்தான் போகிறேன். சொல்லாதே என்று இன்னொரு முறை எழுதாதீர்கள். எழுதினால் நான் கேட்டுத் தொலைத்துவிடுவேன். அந்தப் பயத்தில்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

பூனை


ஏப்ரல் 3

பூனைக்கு,

இரண்டு வாரமாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். நீ கோபித்துக்கொண்டு போனையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். நீ சொன்னது உண்மைதான், சில விஷயத்துக்குக் காகிதம்தான் வேண்டும்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்த குழு, ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தது. கீழே கோடு போட்டிருக்கிறேன், பார். "பதில் சொல்பவரின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், தகவல் சேகரிப்பவர் உடனடியாக மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்." இந்த வாக்கியத்தை எழுதியவள் நான். என் கையெழுத்துத்தான் அடியில் இருக்கிறது.

உனக்குக் கொடுத்த படிவக் கட்டுக்குள் இந்தத் தாள் இல்லை. மறந்துபோய்விட்டேன் என்று இரண்டு நாள் எனக்கே பொய் சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. முதல் வருடம் வேறொரு வார்டில் இந்தத் தாளையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். அங்கே இருந்த நர்ஸ் நான்கு பேரை டாக்டரிடம் சொல்லிவிட்டாள். விஷயம் வார்டெல்லாம் பரவி, அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் "குடியா, எனக்கா?" என்றார்கள். அந்த வார்டையே கணக்கில் சேர்க்க முடியாமல் போனது. அதற்குப் பிறகு தாளை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்ட தைரியத்தில்தான் உன் வார்டைத் தேர்ந்தெடுத்தேன். நீ யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாய் என்று தெரிந்து தேர்ந்தெடுத்தேன். நர்ஸ்கள் துணிந்து பேச வேண்டும் என்று நூறு பக்கம் எழுதுகிறவள், பேசாத நர்ஸாகத் தேடிப் பிடித்தேன்.

நீ போன் செய்த அன்று என்ன நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். உன் அண்ணன் பக்கத்து அறையில் படுத்திருந்தார். அன்றும் வேலைக்குப் போகவில்லை. அலுவலகத்திலிருந்து போன் வந்து, உடம்பு சரியில்லை, வயிற்றுக் கோளாறு என்று அப்போதுதான் சொல்லி வைத்திருந்தேன். பதினொரு வருடமாக இதே வேலைதான் எனக்கு. வயிற்றுக் கோளாறு, முதுகுவலி, வைரஸ் காய்ச்சல் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறேன். ஒரே நோயை அடுத்தடுத்துச் சொல்லாமல் இருக்க டைரியில் குறித்து வைத்திருக்கிறேன் என்றால் நம்புவாயா? போனை வைத்த சூட்டோடு நீ கூப்பிட்டு, ஒருவர் குடிப்பதை டாக்டரிடம் சொல்லவா என்று கேட்கிறாய். அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. சொல்லாதே என்று அந்த ஆத்திரத்தில்தான் சொன்னேன். நூற்று எண்பத்தேழாவது படிவமும் எனக்கு வேண்டியிருந்தது.

அந்தப் பொய்யை அந்த அம்மா இரண்டு தடவை சொன்னார். நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. என் நல்ல நேரம், என் வீட்டில் இன்னும் யாரும் சாகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நேற்று என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் இந்தத் தாளையும் நடந்ததையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மே மாதம் இல்லை. இனி உண்டா என்றும் தெரியாது. உங்கள் ஆஸ்பத்திரிக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன். அதில், தகவல் சேகரித்த நர்ஸ் என்னைக் கேட்டார், நான் தடுத்தேன் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன்.

அந்த அம்மாவிடம் நீ போ. நானும் வரவேண்டும் என்றால் சொல், வருகிறேன். வர வேண்டாம் என்று நீ சொல்லிவிட மாட்டாயா என்று ஆசைப்படுகிறேன். அதையும் மறைக்கவில்லை.

அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

தனியாகவே போனேன். நீங்கள் வந்திருந்தால் நீங்களே எல்லாவற்றையும் பேசிவிடுவீர்கள், நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுவிடுவேன்.

அவர் இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். மாடியில் ஒரே அறை. படியேறும்போது மூன்று முறை நின்றேன். உள்ளே போனதும் உட்காரக்கூட இல்லை, உட்கார்ந்தால் நலம் விசாரிக்க ஆரம்பித்துவிடுவேன் என்று பயம். நின்றபடியே சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் குடிப்பது எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். அவரே என்னிடம் சொன்னார். டாக்டர் உங்களிடம் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருந்தேன். சொல்லியிருந்தால் மருந்து கொடுத்திருப்பார்கள், அவர் பிழைத்திருக்கலாம். உங்கள் ஒருவர் தலையில் போட்ட அறிக்கை தப்பு. ஆஸ்பத்திரியிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முழுதாகச் சொன்னேன். உங்கள் பேரையும் சொன்னேன், அண்ணி. நீங்கள் என்னைத் தடுத்தீர்கள் என்றேன். என்னைத் தடுக்க ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் திட்டுவார், அடிப்பார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவரோ, "அன்னிக்கு எனக்குத் தண்ணி கொண்டாந்து கொடுத்தியே, அப்பவும் தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அடி வாங்கியிருந்தால் தேவலை. கடைசியில், "அப்ப நான் ஒருத்தி மட்டும் இல்ல" என்றார். சொல்லிவிட்டு, கணவர் இறந்த நாளிலிருந்து அழாதவர், அழுதார். தங்கை ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். என்னை மன்னிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்து ஒன்று கேட்டார். "என்னைப் பத்தி எதாச்சும் சொன்னாரா உன்கிட்ட?"

இல்லை என்று சொன்னேன். பொய், அண்ணி. இத்தனைக்கும் பிறகு, வேண்டுமென்றே, யோசித்துச் சொன்ன பொய். உங்களுக்குத்தான் அந்த உண்மையைச் சொல்ல வேண்டும், அதனால் சொல்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு நீங்கள் மதிப்பெண் வைக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? குடியை விடச் சொல்லி வீட்டில் யாராவது கேட்கிறார்களா என்பது. "இப்போது இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்திருப்பேன். கட்டத்துக்குள் அடங்கியது அவ்வளவுதான். அவர் சொன்னது இது. "முன்னெல்லாம் அவ கேட்டுக்கிட்டே இருப்பா சிஸ்டர். நான் கத்துவேன். ஆறு வருஷமா கேக்கறதில்ல. என்னைக் கைகழுவிட்டா போலன்னு நெனச்சுக்கிட்டேன். மறுபடி கேட்டா விடுவேனான்னு தெரியல. ஆனா கேட்டா நல்லா இருக்கும்."

இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் இன்னொரு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். கேட்டிருந்தால் அவர் விட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. முப்பத்தாறு மதிப்பெண் வாங்கியவர் ஒரு கேள்வியில் விடுகிற ஆள் இல்லை. ஆனால் அவரிடம் இனிமேல் யாரும் கேட்கவே முடியாது. அண்ணன் அப்படி இல்லை, பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார்.

நீங்களே கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பதினொரு வருடம் நீங்கள் தனியாகச் சுமந்தது போதாதா? ஆஸ்பத்திரியில் எனக்கு மெமோ கொடுத்து ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நேரத்துக்குப் பஞ்சம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அண்ணன் எழுந்து, அன்றைக்கு இன்னும் ஆரம்பிக்காத நேரத்துக்கு வந்துவிடுவேன். நான் கேட்கிறேன். ஒத்துக்கொண்டால் எந்த டாக்டரிடம் போவது, முதல் வாரம் எப்படிக் கவனிப்பது என்பதெல்லாம் நம் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த ஞாயிறும் வருவேன்.

வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தெரிந்த பிறகு வராதே என்றால் வாசலோடு திரும்பிவிடுகிறேன். நிச்சயத்துக்கு முந்தின வாரம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "உங்க அண்ணனுக்குக் குடிப்பழக்கம் எதாவது உண்டா, மறைக்காம சொல்லு" என்று கேட்டீர்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அதற்கு முந்தின நாள் அண்ணனுடைய பாட்டில்களைக் கோணியில் கட்டி வெளியே எறிந்துவிட்டு வந்ததே நான்தான். உங்கள் முகத்தைப் பார்த்து, "இல்லை" என்றேன்.

பூனை